பாதுகாப்புக்காக நச்சுப்பாம்புகளைப் பேணுதல்: புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு ஒரு வழிகாட்டி

நச்சுப்பாம்புகளைப் பேணும் நிலையத்தில் பணியாற்ற விரும்புகிறவர் தம்மிடமே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, பாம்பைக் கையால் தொடாமலேயே பல ஆண்டுகள் அதைக் கவனித்துக்கொள்ள முடியுமா என்பதுதான். முடியாது என்று மனம் சொல்லுமானால் வேறு விலங்குகளிடம் போய்விடுவது நல்லது. பாம்பின் வாயும் மனித உடலும் எந்த நேரத்திலும் ஒரே இடத்துக்கு வராதபடி அன்றாட வேலைகளை ஒழுங்கு செய்வதில்தான் இப்பணியின் நுட்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பாம்பு தன்னைப் பேணுபவரிடம் பாசம் கொள்வதில்லை. தொடப்படுவதை அது பொறுத்துக்கொள்கிறது. சில நாள்களில் பொறுத்துக்கொள்வதும் இல்லை. ஆகவே அதன் மீது உண்மையான பற்றுள்ளவர் அந்தப் பற்றை வெப்பமானியின் அளவிலும், தண்ணீர்க் கிண்ணத்தின் தூய்மையிலும், விடுபடாத பதிவேட்டிலும்தான் காட்ட முடியும்.

அரசின் உரிமம் பெற்ற விலங்குக் காட்சிசாலையிலோ, நஞ்சு சேகரிப்பு நிலையத்திலோ, இனப்பெருக்க மையத்திலோ புதிதாகச் சேர்பவருக்காக இது எழுதப்படுகிறது. வீட்டு அறையில் கண்ணாடித் தொட்டி வைத்து நாகம் வளர்க்க நினைப்பவருக்கு இதில் உதவி எதுவும் கிடைக்காது. அதைப் பாதுகாப்பு என்று அழைப்பதை நான் ஏற்பதும் இல்லை.

எதற்காக இந்தப் பாம்பு இங்கே இருக்கிறது

கூண்டில் இருக்கும் ஒவ்வொரு பாம்பும் ஏன் அங்கே இருக்கிறது என்பதை ஒரே வரியில் எழுதிவிட முடிய வேண்டும். எழுத முடியாத பாம்பு அங்கே இருக்கக் கூடாது. நேர்மையான விடைகள் மிகச் சிலவே. இயற்கையில் அழியும் நிலையில் உள்ள இனத்துக்குக் காப்பாக ஒரு கூட்டத்தை வெளியில் பேணுவது முதலாவது. பிரேசிலின் சாவோ பாவ்லோ கரைக்கு அப்பால், ஏறத்தாழ 43 ஹெக்டேர் பரப்பே உள்ள கெய்மாடா கிராந்தே தீவில் மட்டும் வாழும் தங்கநிற ஈட்டித்தலை விரியன் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. ஒரு காட்டுத்தீயோ, ஒரு தொற்றுநோயோ, கடத்தல்காரர்களின் தொடர்வேட்டையோ அந்த இனத்தையே முடித்துவிடக்கூடும் என்பதால் சாவோ பாவ்லோவில் உள்ள புட்டான்டன் ஆய்வு நிறுவனம் அதன் ஒரு கூட்டத்தைத் தனியே பேணி வருகிறது. கரீபியக் கடலின் அரூபா தீவுக்கே உரிய கிலுகிலுப்பை விரியனுக்காக அமெரிக்கக் காட்சிசாலைகள் 1982-இல் கூட்டு இனப்பெருக்கத் திட்டம் ஒன்றைத் தொடங்கியதும் இதே காரணத்தால்தான்.

விஷமுறிவு மருந்துக்காக நஞ்சு எடுப்பது இரண்டாவது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் 81,000 முதல் 1,38,000 பேர் வரை பாம்புக்கடியால் இறக்கிறார்கள். இன்று மருத்துவமனைகளில் பயன்படும் விஷமுறிவு மருந்து உயிருள்ள பாம்பின் நஞ்சிலிருந்தே தொடங்குகிறது. ஆனால் நஞ்சுக்காகப் பாம்பை வாழ்நாள் முழுவதும் அடைத்து வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், பிடித்த பாம்புகளை வாய்க்குத் துணி கட்டிய மண்பானைகளில் சில வாரங்கள் மட்டும் வைத்திருந்து, நஞ்சு எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, மீண்டும் இயற்கையில் விட்டுவிடும் முறையைக் கையாண்டு வந்திருக்கிறது. இம்முறை எல்லா இனங்களுக்கும் எல்லா இடங்களுக்கும் பொருந்தாது. என்றாலும், குறைந்த காலம் அடைத்து வைத்தால் போதுமா என்ற கேள்வியை ஒவ்வொரு நிலையமும் ஒருமுறையாவது எழுப்பிப் பார்க்க வேண்டும்.

பொதுமக்களுக்கு அறிவு புகட்டுவது மூன்றாவது காரணமாகப் பலராலும் சொல்லப்படுகிறது. என் கருத்தில் அது தனியே நிற்கும் வலிமையுள்ள காரணம் அல்ல. மேற்சொன்ன இரண்டில் ஒன்றுக்காக இருக்கும் பாம்பைக் கண்ணாடிக்கு அப்பால் மக்கள் பார்த்துவிட்டுப் போகட்டும். காட்டுவதற்காகவே ஒரு பாம்பைப் பிடிக்க வேண்டியதில்லை.

பாம்பின் பூர்வீகம் தெரியாமல் அதை இனப்பெருக்கத் திட்டத்தில் சேர்ப்பது பெருந்தவறு. ராஜநாகம் ஒரே இனம் என்றுதான் நெடுங்காலமாகக் கருதப்பட்டது. 2024-இல் வெளிவந்த ஆய்வு அதை நான்கு இனங்களாகப் பிரித்தது. எங்கிருந்து வந்தது என்ற குறிப்பே இல்லாமல் கடத்தல்காரர்களிடமிருந்து மீட்கப்பட்ட ராஜநாகங்களை இணைசேர விட்ட நிலையம் ஏதேனும் இருந்தால், அங்கே பிறந்த குட்டிகள் எந்தக் காட்டுக்கும் உரியவை அல்ல. பிடிபட்ட இடத்தின் பெயர் இல்லாத பாம்பு நல்ல உடல்நலத்தோடு இருக்கலாம், நீண்ட நாள் வாழலாம். ஆனால் திரும்பிப் போக அதற்கு ஒரு முகவரி இல்லை.

மருந்து வராமல் பாம்பு வரக் கூடாது

புதிய இனம் ஒன்றை ஏற்குமுன் அதற்கான விஷமுறிவு மருந்து எங்கே தயாராகிறது, எத்தனை குப்பிகள் தேவைப்படும், அவை எந்த மருத்துவமனையில் இருக்கும், எந்த மருத்துவர் அவற்றைச் செலுத்துவார் என்பவை எழுத்தில் முடிவாகியிருக்க வேண்டும். பாம்பு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் நிலையத்தில் வேலைக்குச் சேராதீர்கள்.

ஒரு பாம்பின் நஞ்சுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவும் என்ற நம்பிக்கை நூறாண்டுகளுக்கு முன்பே பொய்யாகிவிட்டது. 1890-களில் பிரெஞ்சு மருத்துவர் ஆல்பெர் கால்மெட் நாகத்தின் நஞ்சைக் கொண்டு உருவாக்கிய மருந்து எல்லாக் கடிக்கும் பயன்படும் என்று கருதப்பட்டது. புட்டான்டனின் முதல் இயக்குநராக இருந்த விட்டல் பிரேசில், தம் நாட்டுக் குழிவிரியன்களின் கடிக்கும் கிலுகிலுப்பை விரியனின் கடிக்கும் அது பயன்படாது என்பதையும், அந்தந்தப் பாம்பின் நஞ்சிலிருந்தே மருந்து தயாரிக்க வேண்டும் என்பதையும் நிறுவினார். இந்தியாவில் கிடைக்கும் பன்முக விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது. பெயரில் நாகம் இருப்பதால் அது ராஜநாகத்துக்கும் பொருந்தும் என்று கொள்ளக் கூடாது. ராஜநாகத்துக்கான மருந்தைத் தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கம் தயாரிக்கிறது. ஆப்பிரிக்காவின் பூம்ஸ்லாங் பாம்புக்கான மருந்து தென்னாப்பிரிக்காவில் தயாராகிறது. ஓர் இனத்துக்கு உள்ளேயே நிலப்பகுதிக்கு ஏற்ப நஞ்சு மாறுபடுவதும் உண்டு. கண்ணாடிவிரியனிடம் இது நன்கு அறியப்பட்ட செய்தி.

சில பாம்புகளுக்கு மருந்தே இல்லை. அப்படிப்பட்ட இனத்தை ஏற்கலாமா என்பது பேணுபவரின் துணிச்சலைப் பொறுத்த முடிவாக இருக்கக் கூடாது. அதை நிலையத்தின் மருத்துவரும் நிர்வாகமும் கூடி எடுக்க வேண்டும். உடன்படாத பணியாளர் அந்த அறைக்குள் போகாமல் இருக்க உரிமை பெற்றிருக்க வேண்டும்.

திரவ வடிவில் உள்ள மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் வைக்க வேண்டும். உறையவைத்து உலர்த்திய தூள்வடிவ மருந்தின் பராமரிப்பு எளிது. எனினும் குப்பியின் மீது அச்சிட்டிருப்பதே விதி. காலாவதி நாளைப் பாம்பின் பதிவேட்டிலேயே குறித்துவையுங்கள். மருந்துப் பெட்டியைத் திறந்து பார்ப்பதைவிடப் பதிவேட்டை நாம் அடிக்கடி திறக்கிறோம். நிலையத்தில் மருந்து இருக்கிறது என்பதற்காக அங்கேயே அதைச் செலுத்திக்கொள்ள நினைக்கக் கூடாது. குதிரையின் குருதியிலிருந்து பெறப்படும் இம்மருந்து சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கி மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் நிலைகுலையச் செய்யும். அதைச் சமாளிக்க அட்ரினலினும் அனுபவமுள்ள மருத்துவரும் அருகில் வேண்டும்.

அறை

அறையின் வேலை, கூண்டிலிருந்து வெளியேறிய பாம்பு கட்டடத்திலிருந்து வெளியேறாமல் பார்த்துக்கொள்வது. ஒன்றன்பின் ஒன்றாக இரு கதவுகள் வேண்டும். ஒன்றை மூடிய பிறகே மற்றொன்றைத் திறக்க வேண்டும். கதவின் அடி இடுக்கு, குழாய் நுழையும் துளை, வடிகால், காற்றுப்போக்கி ஆகியவற்றை நுண்வலையால் அடைக்க வேண்டும். வளர்ந்த பாம்பின் பருமனைப் பார்த்து வலையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கண்ணாடிவிரியன் ஒரே ஈற்றில் இருபது, முப்பது குட்டிகளை ஈனும் பாம்பு. அந்தக் குட்டிகளும் பிறந்த நொடியிலிருந்தே நஞ்சுள்ளவை. அறையில் தேவையற்ற பொருள் எதுவும் இருக்கக் கூடாது. அலமாரி, அட்டைப்பெட்டி, சுருட்டிய குழாய் எல்லாம் தப்பிய பாம்புக்கு ஒளிவிடங்கள்.

கூண்டுக்குப் பூட்டு கட்டாயம். கூண்டின் முகப்பில் பாம்பின் இனம், எண்ணிக்கை, பால், உரிய மருந்தின் பெயர், கடிபட்டால் பின்பற்ற வேண்டிய முறை, அழைக்க வேண்டிய தொலைபேசி எண் ஆகியவை அடங்கிய அட்டை இருக்க வேண்டும். கடிபட்டவர் அந்த அட்டையைத் தம்மோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வார். அதனால் அது கழற்றக்கூடியதாக இருக்கட்டும். எண்ணிக்கையைக் குறிப்பிட்டது வெறும் கணக்குக்காக அல்ல. இரண்டு பாம்புகள் இருக்க வேண்டிய கூண்டில் ஒன்று மட்டும் கண்ணில் படுமானால், மற்றொன்றின் இருப்பிடம் தெரியும்வரை கதவைத் திறக்கக் கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் விடாமல் கடைப்பிடிக்கும் நிலையம் பெரும்பாலான விபத்துகளைத் தவிர்த்துவிடும் என்பது என் எண்ணம்.

ஒளிவுப்பெட்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இப்பணியில் நான் கண்ட கருவிகளில் இதற்கு இணையானது இல்லை. கூண்டின் ஒரு மூலையில், உள்ளே இருட்டாக, உடல் சுவர்களைத் தொடும் அளவுக்கு நெருக்கமாக ஒரு பெட்டி வைக்கப்படுகிறது. அதன் வாயை வெளியிலிருந்தே இழுத்து மூடும் சறுக்குக் கதவு இருக்கிறது. மறைவிடத்தைத் தேடுவது பாம்பின் இயல்பு என்பதால் பகலின் பெரும்பகுதியை அது அந்தப் பெட்டியிலேயே கழிக்கும். நீங்கள் காலையில் வந்து, மேல்மூடியின் கண்ணாடித் துளை வழியே பாம்பு உள்ளே சுருண்டிருப்பதைக் கண்ணால் உறுதிசெய்து, சறுக்குக் கதவை மூடித் தாழிட்டு, அதன் பிறகு கூண்டைத் திறந்து, கழிவை அகற்றித் தண்ணீர் மாற்றி, எல்லாம் முடிந்தபின் கூண்டைப் பூட்டிவிட்டுச் சறுக்குக் கதவைத் திறந்துவிடுகிறீர்கள். பாம்புக்கு உங்கள் வருகையே தெரியாமல் போகிறது. எடை பார்க்க வேண்டுமானால் பெட்டியோடு தராசில் வைத்துப் பெட்டியின் எடையைக் கழித்துக்கொள்ளலாம். கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்வதற்கும் அதுவே போதும். பாம்பு பதற்றமடைவதில்லை, பதற்றமடையாத பாம்பு உணவை மறுப்பதும் அரிது. பாம்பின் நலனும் பேணுபவரின் பாதுகாப்பும் ஒரே பெட்டியில் அமைந்துவிடுகின்றன.

வெப்பத்தைப் பொறுத்தவரை, கூண்டின் ஒரு முனை வெதுவெதுப்பாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருந்து, பாம்பே தனக்கு வேண்டிய இடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். எல்லாப் பாம்புக்கும் ஒரே அளவு பொருந்தாது. வெப்பநாட்டுச் சமவெளிப் பாம்பு விரும்பும் சூடு, சீனாவின் மாங்ஷான் மலைத்தொடரின் குளிர்ந்த காடுகளில் மட்டும் வாழும் மாங்ஷான் குழிவிரியனைக் கொன்றுவிடும். குளிர்நாட்டு விரியன்களில் பலவற்றுக்கு ஆண்டில் சில மாதங்கள் குளிர் உறக்கம் இல்லாவிட்டால் இனப்பெருக்கம் சரிவர நடப்பதில்லை.

கொக்கியும் குழாயும்

பாம்பை இடம் மாற்றியே ஆக வேண்டிய நாளில் கொக்கிதான் முதல் கருவி. தடித்த உடல்கொண்ட விரியன் ஒரு கொக்கியில் அமைதியாக அமர்ந்துவிடும். நாகமும் ஆப்பிரிக்காவின் மாம்பாவும் கொக்கியிலிருந்து வழுக்கி, கைப்பிடியை நோக்கியே ஏறி வரும். இனத்துக்கு இனம் முறை மாறுவதால், ஓர் இனத்தில் பெற்ற பயிற்சியை மற்றோர் இனத்துக்கும் உரியதாக எண்ணிவிடக் கூடாது. நீண்ட இடுக்கியை உணவு கொடுக்கவும் பொருள்களை எடுக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். அதனால் பாம்பின் உடலை இறுக்கிப் பிடித்தால் விலா எலும்புகள் முறியும். அந்தக் காயம் வெளியே தெரியாமல் பல வாரங்கள் கழித்துப் பட்டினியாகவும் மரணமாகவும் வெளிப்படும்.

தலைக்குப் பின்னால் கழுத்தை அழுத்திக் கையால் பிடிப்பது வீரமாகக் காட்டப்படுகிறது. நஞ்சு எடுப்பதைத் தவிர வேறெதற்கும் அது தேவைப்படுவதில்லை. அங்கும் பயிற்சி பெற்ற மிகச் சிலர் மட்டுமே அதைச் செய்ய வேண்டும். பாம்பின் மண்டையோடு ஒரே ஒரு மூட்டுப் புடைப்பால் முதுகெலும்போடு இணைந்திருப்பதால் திமிறும் பாம்பின் கழுத்து எளிதில் சேதமடையும். நீண்ட நச்சுப்பல் கொண்ட விரியன் தன் கீழ்த்தாடையையே துளைத்துக்கொண்டு விரலைக் குத்திவிட வல்லது. ஆப்பிரிக்காவின் அட்ராக்டாஸ்பிஸ் வகைப் பாம்புகளோ வாயைத் திறக்காமலேயே நச்சுப்பல்லைப் பக்கவாட்டில் நீட்டிக் குத்துபவை. அவற்றைக் கழுத்தில் பிடிக்கப் பாதுகாப்பான வழியே கிடையாது.

மருத்துவச் சோதனைக்குத் தெளிவான பிளாஸ்டிக் குழாய் போதும். பாம்பின் உடலைவிடச் சற்றே அகலமான குழாயைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே தலை திரும்பும் அளவுக்கு இடம் இருந்தால் குழாயால் பயன் இல்லை. கொக்கியால் வழிகாட்டி, உடலின் மூன்றில் ஒரு பங்கு உள்ளே நுழைந்ததும், குழாயின் விளிம்பையும் பாம்பின் உடலையும் ஒரே பிடியில் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடி தளர்ந்தால் பாம்பு பின்னோக்கி நழுவும் என்பதால் இதை எப்போதும் இருவராகவே செய்ய வேண்டும்.

துணிப்பையில் போடும் பழக்கம் எங்கும் இருக்கிறது. பையின் துணி கடியைத் தடுக்காது. முடிச்சுக்கு மேலே மட்டும் பிடிப்பதும், உடலிலிருந்து விலக்கித் தூக்குவதும், உடனே பூட்டக்கூடிய பெட்டிக்குள் வைப்பதும், பையின் மீது உள்ளே இருப்பது இன்னது என்று எழுதுவதும் கட்டாயம். அமெரிக்க ஆய்வாளர் ஜோ ஸ்லோவின்ஸ்கி 2001 செப்டம்பரில் மியான்மரின் வடகோடியில், நஞ்சற்ற ஓநாய்ப்பாம்பு என்று சொல்லப்பட்ட ஒரு பாம்பு இருந்த பைக்குள் கைவிட்டார். உள்ளே இருந்தது அதே போன்ற பட்டைகள் கொண்ட இளம் கட்டுவிரியன். பாம்பியலில் அவர் கற்றுக்குட்டி அல்லர். அப்பகுதிப் பாம்புகளை அவரளவுக்கு அறிந்தவர் அன்று சிலரே. மறுநாள் அவர் இறந்தார்.

நஞ்சை உமிழும் நாகங்களிடம் போகும்போது முகம் முழுவதையும் மறைக்கும் கண்ணாடிக் கவசம் அணியுங்கள். அவை இரண்டு மீட்டருக்கும் அப்பால் கண்ணைக் குறிபார்க்கும். உலர்ந்த நஞ்சையும் சாதாரணமாக எண்ண வேண்டாம். நஞ்சுத்தூளை நாள்தோறும் சுவாசிப்பவர்களுக்கு அதனிடம் ஒவ்வாமை வளர்ந்துவிடுவதும், பின்னொரு நாள் சிறு கடியே அதிர்ச்சி நிலையில் முடிவதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

உணவு நேரம்

அமைதியான பாம்புகூட உணவின் வாசனை வந்ததும் வேறு பாம்பாகிவிடுகிறது. எலியின் வாசனை உங்கள் கையில் இருந்தால், அசையும் கை அதற்கு எலிதான். எனவே உணவை எடுக்கும் இடமும் பாம்பு இருக்கும் அறையும் வேறுவேறாக இருக்கட்டும். இடையில் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். உறையவைத்து, முழுவதும் உருகி வெதுவெதுப்பான எலியை நீண்ட இடுக்கியால் நீட்டுவதே முறை. உயிருள்ள எலியை விட்டுவிட்டுப் போனால், பசியில்லாத பாம்பை அது கடித்துக் குதறிவிடும். ஒரே கூண்டில் இரு பாம்புகள் இருந்தால் உணவுக்கு முன் பிரித்துவிட வேண்டும். இரண்டும் ஒரே எலியின் இரு முனைகளிலிருந்து விழுங்கத் தொடங்கினால் கையை விட்டு விலக்க வேண்டிய நிலை வரும். ராஜநாகம் இயல்பில் பாம்புண்ணி. அதற்காகப் பாம்புகளைக் கொடுப்பது பாதுகாப்பு நோக்கத்துக்கே முரண் என்பதால், எலியின் மீது பாம்பின் வாசனையைத் தடவிச் சிறுகச் சிறுகப் பழக்குகிறார்கள். இதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

கடிபட்டால்

முதலில் பாம்பை அடைத்துப் பூட்ட வேண்டும், அல்லது அறையை மூட வேண்டும். உதவிக்கு வருபவர் இரண்டாவது நோயாளியாகிவிடக் கூடாது. எச்சரிக்கை மணியை அழுத்துங்கள். மோதிரம், கடிகாரம், இறுக்கமான உடை ஆகியவற்றை வீக்கம் தொடங்குமுன் கழற்றுங்கள். அசையாமல் படுத்துக்கொண்டு, கடிபட்ட உறுப்பை அசையாதபடி கட்டிக்கொள்ளுங்கள். இரத்த ஓட்டத்தை நிறுத்தும் இறுக்குக்கட்டு, கீறிவிடுதல், வாயால் உறிஞ்சுதல், பனிக்கட்டி வைத்தல் ஆகிய எதுவும் வேண்டாம். உறுப்பு முழுவதும் மீள்துணியால் சுற்றும் அழுத்தக்கட்டு நரம்பைத் தாக்கும் நஞ்சுள்ள பாம்புகளின் கடிக்கு உதவும். தசையை அழுகச் செய்யும் விரியன் நஞ்சுக்கு அது தீங்காகலாம். எந்தக் கூண்டுக்கு எது என்பதை மருத்துவர் முன்கூட்டியே முடிவுசெய்து அட்டையில் எழுதியிருக்க வேண்டும். கண்ணில் நஞ்சு தெறித்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

வலிக்கவில்லை, வீங்கவில்லை என்பதை நம்பி வீட்டுக்குப் போனவர்களின் கதைகள் இத்துறையில் உண்டு. கட்டுவிரியன் கடி எறும்புக்கடி அளவுக்கும் வலிக்காது. சில மணி நேரம் கழித்து இமைகள் தாமே மூடத் தொடங்கும்போதுதான் நஞ்சு வேலைசெய்வது தெரியும். 1957 செப்டம்பரில் சிகாகோவின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், அடையாளம் காணும்படி அனுப்பப்பட்ட ஓர் இளம் பூம்ஸ்லாங் பாம்பியல் அறிஞர் கார்ல் ஷ்மிட்டின் கட்டைவிரலைக் கடித்தது. ஒரே ஒரு பல் சில மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. அவர் சிகிச்சை நாடாமல் ரயிலில் வீடு திரும்பி, குமட்டல், நடுக்கம், ஈறுகளில் கசிவு என ஒவ்வொரு அறிகுறியையும் நேரமிட்டு எழுதிவந்தார்; மறுநாள் காலை நலமாகவே உணர்ந்து சிற்றுண்டியும் அருந்தினார். அன்று பிற்பகலில் உள்ளுறுப்புகளில் குருதி கசிந்து இறந்தார். அவர் எழுதிய குறிப்புகள் அறிவியலுக்குப் பயன்பட்டன. எனினும் புதிதாகச் சேர்பவர் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எழுதும் பழக்கத்தை மட்டுமே.

சிறிதளவு நஞ்சைத் தமக்குத்தாமே செலுத்தி உடலைப் பழக்கிக்கொள்ளும் எண்ணம் சிலருக்கு வரும். மயாமியில் பாம்புக்காட்சி நிலையம் நடத்திய பில் ஹாஸ்ட் அப்படிச் செய்தார். 170-க்கும் மேற்பட்ட கடிகளுக்குப் பிறகும் 100 வயதுவரை வாழ்ந்து 2011-இல் மறைந்தார். அந்த நீண்ட வாழ்வை நஞ்சுக்குச் சான்றாகக் காட்டுபவர்கள் அவருடைய சிதைந்த விரல்களைக் காட்டுவதில்லை. பாம்பு வகைக்கு ஏற்ப நஞ்சு வேறுபடுவதால் பழக்கிய எதிர்ப்பு மற்றொன்றிடம் பயன்படாது. திசு அழிவை அது தடுப்பதும் இல்லை. இந்த யோசனையைப் பேச்சளவில்கூட ஊக்குவிக்க வேண்டாம்.

நோயும் பதிவேடும்

மனிதரைக் கொல்லும் பாம்பை ஒரு சிறு உண்ணி சாய்த்துவிடும். புதிதாக வரும் பாம்பை வேறு அறையில், வேறு கருவிகளோடு, இயன்றால் 90 நாள்கள் தனிமையில் வையுங்கள். அன்றாட வேலையில் அந்த அறைக்குக் கடைசியாகப் போங்கள். 1972-இல் சுவிட்சர்லாந்தின் ஒரு பாம்புப் பண்ணையில் ஈட்டித்தலை விரியன்கள் மூச்சுத்திணறி அடுத்தடுத்து இறந்தபோதுதான் பாம்புகளைத் தாக்கும் பாராமிக்ஸோ வைரஸ் முதன்முதலில் அறியப்பட்டது. அது காற்றுவழியே பரவக்கூடியது. அருகிய இனத்தின் மொத்தக் காப்பையும் ஒரே கட்டடத்தில் வைத்திருக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

பதிவேட்டில் எடை, உண்ட நாள், மறுத்த நாள், தோலுரித்த நாள், கழிவின் தன்மை, இணைசேர்ந்த நாள் ஆகியவை இருக்கட்டும். உரித்த சட்டையை எடுத்து விரித்துப் பாருங்கள். கண்களின் மீதுள்ள இரு வட்டச் செதில்களும் வால்நுனியும் சட்டையோடு வந்திருக்க வேண்டும். கண்செதில் வராமல் தங்கியிருந்தால் காற்றில் ஈரம் போதவில்லை என்று பொருள். தோல் உரிக்கப்போகும் நாள்களில் பாம்பின் கண் பால்நிறமாக மங்கி, பார்வை குறைந்து, அது எளிதில் சீறும். அந்த நாள்களில் அதை விட்டுவிடுங்கள்.

இனப்பெருக்கப் பதிவில் கூடுதல் கவனம் வேண்டும். பெண் பாம்பு ஆணின் விந்தைப் பல மாதங்கள், சில வேளை ஆண்டுக்கணக்கில்கூட உடலில் சேமித்து வைத்திருக்க வல்லது. சில குழிவிரியன்கள் ஆணே இல்லாமல் குட்டி ஈன்றதும் மரபணுச் சோதனையால் உறுதியாகியிருக்கிறது. ஆகவே கூண்டில் உடனிருந்த ஆணே தந்தை என்று எழுதிவிடாமல், ஐயமுள்ள ஈற்றைச் சோதனை முடியும்வரை ஐயமுள்ளதாகவே குறித்து வையுங்கள்.

மீண்டும் காட்டில் விடுவதுதான் இத்தனைக்கும் இலக்கு என்றாலும், அது இப்பணியின் மிகக் கடினமான பகுதி. இடம் மாற்றி விடப்பட்ட ராஜநாகம் தன் இயல்பான எல்லையைவிட மிக நெடுந்தொலைவு அலைவதை மேற்குத்தொடர்ச்சி மலையில் நடந்த வானொலித் தொடர்வு ஆய்வு காட்டியது. கிலுகிலுப்பை விரியன்களிலும் இதே போக்கும், அதிகமான இறப்பும் காணப்பட்டன. அரூபாவில் அயல்நாட்டுப் போவா பாம்பு காலூன்றிவிட்டதால் அங்கே வெறுமனே கிலுகிலுப்பைக் குட்டிகளைக் கொண்டுபோய் விடுவது தீர்வாகாது. எது அவற்றைக் குறைத்ததோ அது அந்த இடத்தில் இன்னும் இருக்குமானால், கூண்டில் பிறந்தவற்றை அங்கே அனுப்புவது உணவு அனுப்புவதற்குச் சமம். பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கையைத் திட்டத்தின் வெற்றியாக எழுதும் அறிக்கைகளை நான் அதிகம் நம்புவதில்லை; அவற்றுள் எத்தனை காட்டில் இரண்டாவது மழையைக் கண்டன என்று கேளுங்கள்.

இறந்த பாம்பையும் கையால் எடுக்கக் கூடாது. வெட்டுண்ட தலைகூட நெடுநேரம் அனிச்சையாகக் கடிக்கும். கொக்கியால் பெட்டியில் இட்டு, இறப்புக் காரணத்தை அறியக் கால்நடை மருத்துவரிடமும், பின்னர் அருங்காட்சியகத்துக்கும் அனுப்புங்கள்.

பொறுப்பை ஒப்படைத்தல்

நல்ல பராமரிப்பில் பல நச்சுப்பாம்புகள் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஆகவே நீங்கள் பேணும் பாம்பு உங்களுக்குப் பின் வருபவரின் கைக்குப் போவது உறுதி. அவருக்காக ஒவ்வொரு பாம்பின் தனிப்பழக்கத்தையும் எழுதிவையுங்கள்: கதவு திறக்கும் பக்கமாகவே படுத்திருக்கும் விரியன் எது, சறுக்குக் கதவை மூடும்போது வாலை வெளியே விட்டிருக்கும் நாகம் எது, குளிர்மாதங்களில் உணவை மறுப்பது எதற்கு இயல்பு, எதற்கு நோய் என்பன போன்றவை வேறெங்கும் கிடைக்காத குறிப்புகள். புதியவர் முதலில் பார்த்துக்கொண்டு மட்டும் நிற்கட்டும். பிறகு நஞ்சற்ற பாம்புகளை, நச்சுப்பாம்பு என்றே பாவித்து, அதே ஒளிவுப்பெட்டியோடும் அதே கொக்கியோடும் கவனித்துப் பழகட்டும். அவர் அவசரப்படுகிறாரா, எண்ணிப் பார்க்காமல் கதவைத் திறக்கிறாரா, யாராவது படம் எடுக்கும்போது அவருடைய நடை மாறுகிறதா என்று கவனியுங்கள். மாறுமானால் சாவியைக் கொடுக்காதீர்கள். கொடுக்கும் நாளில் மருந்துக் குப்பிகளின் காலாவதியை இருவரும் சேர்ந்து சரிபார்த்து, மருத்துவமனைக்குப் புதியவரின் பெயரைத் தெரிவித்து, கூண்டு கூண்டாக நின்று பாம்புகளை எண்ணி, பதிவேட்டில் இருவரும் கையொப்பமிடுங்கள்.